சுருக்கிய கோப்பை எடிட்டரிலேயே திறந்து திருத்தலாமா?

கேள்வி, 2024 பிப்ரவரி 6

சர்வரில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பழைய லாக் கோப்பு ஒன்றை விம் எடிட்டரில் திறந்தேன். அது ஜிசிப் என்னும் சுருக்கும் நிரலால் சுருக்கப்பட்டது என்பதைத் திறந்த பிறகே கவனித்தேன். ஆயினும் வரிகள் எல்லாம் சாதாரண உரையாகவே தெரிந்தன. அதில் தவறுதலாகப் பதிவாகியிருந்த ஒரு கடவுச்சொல் வரியை நீக்கிச் சேமித்தேன். கோப்பு இன்னும் சுருக்கிய நிலையிலேயே இருக்கிறது. விரித்துப் பார்த்தால் திருத்தமும் இருக்கிறது. ஆக, சுருக்கிய கோப்பை நேரடியாகவே திருத்த முடியும், விரிப்பதும் மறுபடி சுருக்குவதும் வீண் வேலை என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில், பிப்ரவரி 6, இரவு

எடுத்துக்கொள்ள முடியாது. விரிப்பதும் சுருக்குவதும் நடந்துதான் இருக்கின்றன. உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

விம்முடன் ஜிசிப் என்ற பெயரில் ஒரு செருகுநிரல் சேர்ந்தே வருகிறது. கோப்பின் பெயர் ஜிஇசட், பிஇசட்2, எக்ஸ்இசட், இசட்எஸ்டி போன்ற பின்னொட்டுகளில் ஒன்றோடு முடிந்தால், வாசிப்பதற்கு முன்பும் பின்பும் எழுதியதற்குப் பின்பும் அது குறுக்கிடுகிறது. வாசிக்கும்போது கோப்பை ஒரு தற்காலிக இடத்தில் விரித்து, விரித்த உரையை உங்கள் முன் வைக்கிறது. சேமிக்கும்போது நடப்பதுதான் கவனிக்க வேண்டியது: விம் முதலில் விரித்த உரையை அப்படியே அதே பெயரில் வட்டில் எழுதிவிடுகிறது, அதன் பிறகே செருகுநிரல் அந்தக் கோப்பைப் பெயர் மாற்றி, ஜிசிப் நிரலிடம் கொடுத்துச் சுருக்கி, பழைய பெயரைத் திரும்பச் சூட்டுகிறது. இடைப்பட்ட அந்தக் கணத்தில் ஜிஇசட் என்று முடியும் உங்கள் கோப்புக்குள் இருப்பது வெறும் உரை. அந்த நேரம் பார்த்து வட்டில் இடம் தீர்ந்தாலோ இணைப்பு அறுந்தாலோ என்ன மிஞ்சும் என்பதை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறிய கோப்புகளுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நானும் அன்றாடம் இப்படித்தான் செய்கிறேன். எதிர்ப்பு "நேரடியாக" என்ற எண்ணத்துக்குத்தான், வசதிக்கு அல்ல.

பிப்ரவரி 7

"ஒரே ஒரு வரியை மட்டும் மாற்றுவதற்கு எடிட்டர் ஏன் முழுக் கோப்பையும் மறுபடி சுருக்க வேண்டும், அந்த வரி இருக்கும் இடத்தை மட்டும் மாற்றினால் போதாதா?" என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். நியாயமான கேள்வி. பதில் சுருக்கும் முறைக்குள்ளேயே இருக்கிறது.

ஜிசிப் பயன்படுத்தும் டிஃப்ளேட் முறை இரண்டு பழைய யோசனைகளின் கூட்டு. 1977-இல் லெம்பெல், சிவ் இருவரும் வெளியிட்டது முதலாவது: முன்பு வந்த எழுத்துத் தொடர் மீண்டும் வந்தால் அதைத் திரும்ப எழுதாமல், "இத்தனை பைட் பின்னால் போ, அங்கிருந்து இத்தனை பைட் எடு" என்று மட்டும் குறிப்பது. டிஃப்ளேட்டில் 32,768 பைட் வரை பின்னால் போகலாம். ஒரு தடவையில் 3 முதல் 258 பைட் வரை எடுக்கலாம். இரண்டாவது, 1952-இல் ஹஃப்மன் தந்த குறியீடு: அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட், அரிதாக வருவதற்குக் கூடுதல் பிட். இதன் விளைவாக, சுருக்கிய கோப்பில் ஓர் எழுத்து எந்த பைட்டில் தொடங்குகிறது என்ற கேள்விக்கே பொருள் இல்லை. அது ஒரு பைட்டின் நடுவில் தொடங்கி அடுத்த பைட்டின் நடுவில் முடியலாம்.

உங்கள் லாக் கோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்ற வரி அடுத்தடுத்து நூறு முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் முறை மட்டுமே அது எழுத்தெழுத்தாகப் பதிவாகிறது. இரண்டாவது வரி முதல் வரியைக் கைகாட்டும், மூன்றாவது இரண்டாவதைக் கைகாட்டும். முதல் வரியில் ஓர் எழுத்தை மட்டும் எப்படியோ மாற்றிவிட்டீர்கள் என்றால், விரிக்கும்போது நூறு வரிகளிலும் அந்த மாற்றம் இருக்கும். முதல் வரியை நீக்கினால் கைகாட்டிகள் எல்லாம் வேறெதையோ காட்டும். எனவே மாற்றம் நிகழ்ந்த இடத்திலிருந்து மறுபடி கணக்கிட வேண்டும். நடைமுறையில் எல்லா எடிட்டர்களும் தொடக்கத்திலிருந்தே சுருக்கிவிடுகின்றன.

இவற்றுக்கு மேல் கோப்பின் கடைசி எட்டு பைட்டுகள் இருக்கின்றன. முதல் நான்கு, விரித்த உரை முழுவதற்குமான சிஆர்சி சரிபார்ப்பு எண். அடுத்த நான்கு, விரித்த உரையின் நீளம். எந்தத் திருத்தம் செய்தாலும் இவையும் மாற வேண்டும்.

பிப்ரவரி 7, சற்றுப் பிறகு

சுருக்கிய பைட்டுகளை அப்படியே பார்க்க விரும்புவோர், விம்மில் இந்தச் செருகுநிரலை இயக்கும் தானியங்கிக் கட்டளைகளை நிறுத்தும் நோ-ஆட்டோசிஎம்டி முன்னொட்டோடு கோப்பைத் திறக்கலாம். திரை முழுக்கக் குப்பை தெரியும். முதல் மூன்று பைட்டுகள் பதின்ம எண்ணில் 31, 139, 8 என்று இருந்தால் அது ஜிசிப். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் வெளியேறுங்கள். எதையும் மாற்றாமல் அதே முன்னொட்டோடு சேமித்தாலும், பைனரி முறை இயக்கப்படாதபோது விம் கோப்பின் இறுதியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்துவிடும். அதன் பின் விரிக்கும்போதெல்லாம் "பின்னால் உள்ள குப்பை புறக்கணிக்கப்பட்டது" என்ற பொருளில் ஜிசிப் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். உரைக்குச் சேதமில்லை. ஆனால் அந்த எச்சரிக்கையைக் கண்டு பதறி வருபவர்கள் ஒருவர் இருவர் அல்லர்.

பிப்ரவரி 9

கேள்வியில் கடவுச்சொல் என்று ஒரு சொல் இருந்ததை நாம் எல்லோரும் கடந்து போய்விட்டோம். அதுதான் இங்கே அவசரமான விஷயம்.

விம்மில் ஒரு வரியை நீக்கினால் அது மறைந்துவிடுவதில்லை. பதிவகம் என்னும் தற்காலிக இடம் ஒன்றில் போய் உட்காருகிறது. வெளியேறும்போது அந்தப் பதிவகங்களை விம், உங்கள் வீட்டு அடைவில் உள்ள விம்இன்ஃபோ கோப்பில் எழுதி வைக்கிறது. வழக்கமான அமைப்பில் பதிவகம் ஒன்றுக்கு 50 வரிகள் வரை. ஆகவே லாக் கோப்பிலிருந்து நீங்கள் அழித்த கடவுச்சொல், சுருக்கப்படாத சாதாரண உரையாக, இப்போது வேறொரு கோப்பில் இருக்கக்கூடும். செயல்தவிர்ப்பு வரலாற்றை வட்டில் சேமிக்கும் அமைப்பை இயக்கியிருந்தால், அங்கும் ஒரு பிரதி. காப்புப் பிரதி எடுக்கும் அமைப்பு இயக்கத்தில் இருந்தால், அலைக்குறியில் முடியும் பெயரோடு பழைய சுருக்கிய கோப்பு அதே இடத்தில் முழுசாக இருக்கும். ஸ்வாப் கோப்பு, திருத்திக்கொண்டிருக்கும் வரை விரித்த உரையைத் தாங்கி நின்று, ஒழுங்காக வெளியேறினால் மட்டுமே நீங்கும்.

செருகுநிரலின் குற்றம் இதில் எதுவும் இல்லை. சாதாரணக் கோப்பைத் திருத்தினாலும் இதே நிலைதான். ஆனால் கோப்பு சுருக்கப்பட்டிருப்பதால் உள்ளடக்கமும் ஏதோ ஒரு வகையில் மூடியிருப்பதாக ஒரு மயக்கம் பலருக்கு வருகிறது. சுருக்கம் என்பது மறையாக்கம் அன்று. கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள்; லாக்கைத் துடைப்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 10

ஈமேக்ஸ் எடிட்டர் பற்றிக் கேட்டவருக்கு: அங்கும் இதே கதை, வேறு ஏற்பாடு. ஜேகேஏ-கம்ப்ர் என்னும் பகுதி கோப்பை வாசிக்கும், எழுதும் அடிப்படைச் செயல்களுக்கே நடுவில் நின்றுகொள்கிறது. விம்மைப் போல முதலில் வெறும் உரையை இலக்குக் கோப்பில் எழுதிவிட்டுப் பிறகு சுருக்குவதில்லை. சுருக்கிய பைட்டுகள் தயாரான பின்னரே உண்மையான கோப்பில் எழுதுகிறது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஈமேக்ஸின் வழியே பிடித்திருக்கிறது. விம்மையே நாள் முழுவதும் பயன்படுத்துபவன் இதைச் சொல்வதற்குச் சற்றுத் துணிச்சல் வேண்டும்.

ஈமேக்ஸ்காரர்கள் பலர் தாங்கள் சுருக்கிய கோப்பையே வாசித்துக்கொண்டிருப்பதை அறிவதில்லை. ஒரு செயற்கூற்றின் மூலநிரலுக்குத் தாவும்போது திறக்கும் லிஸ்ப் கோப்புகள் பெரும்பாலும் ஜிசிப்பில் சுருக்கியே நிறுவப்பட்டிருக்கின்றன.

பிப்ரவரி 12

உரை பத்திரமாக இருக்கிறது என்று நிறுவிவிட்டால் பேச்சு முடிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். உரையைச் சுற்றியிருப்பது என்ன ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை.

ஜிசிப் கோப்பின் தலைப்பு குறைந்தது 10 பைட். அதில் ஐந்தாவது முதல் எட்டாவது வரை மூலக் கோப்பின் நேரம். ஒன்பதாவதில், மிகுந்த அளவில் சுருக்கியிருந்தால் 2, மிக வேகமாகச் சுருக்கியிருந்தால் 4. பத்தாவதில் இயங்குதளத்தின் எண். தொடர்ந்து மூலக் கோப்பின் பெயரும் இருக்கலாம். விம்மின் செருகுநிரலை எழுதியவர் அக்கறையானவர். ஒன்பதாவது பைட்டைப் பார்த்து, 2 என்றிருந்தால் சேமிக்கும்போதும் மிகுந்த சுருக்கம் தரும் 9-ஆம் நிலையிலேயே சுருக்கச் செய்திருக்கிறார். ஆனால் இந்தக் கவனிப்பு ஜிசிப்புக்கு மட்டுமே. எக்ஸ்இசட் கோப்பை 9-ஆம் நிலையில் சுருக்கி வைத்திருந்தால், திருத்திச் சேமித்த பின் அது இயல்பான 6-ஆம் நிலைக்கு வந்துவிடும். கோப்பு பெரிதானால் அளவிலும் வேறுபாடு தெரியும். மறுபக்கம், 9-ஆம் நிலையில் சுருக்க எக்ஸ்இசட் 674 எம்பி நினைவகத்தைக் கேட்கும், 6-ஆம் நிலைக்கு 94 எம்பி போதும் என்பதால், சிறிய கணினியில் இந்த மறதியே உங்களைக் காப்பாற்றவும் கூடும்.

பெயர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. சேமிக்கும்போது செருகுநிரல், ஜிஇசட் பின்னொட்டை நீக்கிய பெயரைத்தான் தற்காலிகப் பெயராக வைத்துக்கொள்ள முயல்கிறது. அதே அடைவில் அந்தப் பெயரில் விரித்த கோப்பு ஒன்று ஏற்கெனவே இருந்தால், யாரும் வைக்க வாய்ப்பில்லாத ஒரு பெயரை, எழுத்தும் குறியும் எண்ணும் கலந்து கொட்டியது போன்ற ஒன்றை, எடுத்துக்கொள்கிறது. ஜிசிப் அந்தப் பெயரைத்தான் தலைப்பில் பொறிக்கும். பின்னொரு நாள் யாராவது மூலப் பெயரோடு விரிக்கும்படி கேட்டால், அந்த விசித்திரப் பெயரில் ஒரு கோப்பு முளைக்கும். கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று இதைக் கண்டு ஒருவர் முடிவு கட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

 

பிப்ரவரி 13

மேலே எழுதியதெல்லாம் சில்லறை. உண்மையில் வேலையைக் கெடுத்த நிகழ்வு ஒன்றைச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குள்ள எச்சரிக்கை முழுவதும் அதிலிருந்து வந்ததுதான்.

மரபணு வேறுபாடுகளைப் பதியும் விசிஎஃப் கோப்புகளோடு சில காலம் வேலை செய்தேன். அவையும் ஜிஇசட் என்றே முடியும், இசட்கேட் கட்டளையில் விரியும், விம்மில் திறக்கும். ஆனால் அவை சாதாரண ஜிசிப் அல்ல. பிஜிசிப் என்னும் நிரல் உருவாக்கியவை. பிஜிசிப் உரையை 64 கேபிக்கு மிகாத துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிசிப் உறுப்பாகச் சுருக்கி, அடுத்தடுத்து ஒட்டி வைக்கிறது. அதனோடு டேபிக்ஸ் என்னும் நிரல் ஒரு சுட்டிக்கோப்பை உருவாக்கும். குரோமோசோமின் இந்தப் பகுதி வேண்டும் என்றால், சுட்டிக்கோப்பு "இந்த உறுப்பு இத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது, விரித்த பின் அதற்குள் இத்தனையாவது பைட்டைப் பார்" என்று சொல்லும். முதல் பாதிக்கு 48 பிட், இரண்டாவதற்கு 16 பிட். பிரம்மாண்டமான கோப்பை முழுக்க விரிக்காமல் நடுவில் ஓர் இடத்துக்குத் தாவ முடிவது இதனால்தான்.

உடன் பணிபுரிந்த ஒருவர், தலைப்பு வரியில் மாதிரியின் பெயர் தவறாக இருப்பதைக் கண்டு, விம்மில் திறந்து, பெயரைத் திருத்தி, சேமித்துவிட்டுப் போனார். இசட்கேட்டில் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. விம் அழைத்தது ஜிசிப்பை அல்லவா? துண்டுகள் அனைத்தும் ஒரே நீண்ட உறுப்பாகிவிட்டன. சுட்டிக்கோப்பு காட்டும் இடங்களில் எதுவும் தொடங்கவில்லை. பகுதி வாரியாகத் தேடும் நிரல்கள் அடுத்தடுத்துத் தோற்றன. கோப்பு கெட்டுவிட்டதா என்று ஜிசிப்பின் சோதனை விருப்பத்தைப் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு "நலம்" என்றே பதில் கிடைத்தது; ஜிசிப்பின் கண்ணோட்டத்தில் அது நலமாகத்தான் இருந்தது. சுட்டிக்கோப்பை மறுபடி உருவாக்க முயன்றபோது, "இந்தக் கோப்பைச் சுருக்கியது பிஜிசிப்தானா?" என்ற பொருளில் டேபிக்ஸ் கேட்ட கேள்விதான் முதல் துப்பு.

இப்படிப்பட்ட கோப்பை அடையாளம் காண்பது எளிது. நான்காவது பைட் 4 ஆக இருக்கும், அதாவது தலைப்பில் கூடுதல் புலம் உண்டு என்று பொருள். 13, 14-ஆவது பைட்டுகள் 66, 67 ஆக இருக்கும். விசிஎஃப் உரையின் தலைப்பு வரிகளை மட்டும் மாற்றுவதற்கென்றே பிசிஎஃப்டூல்ஸ் என்னும் நிரல் தொகுப்பில் ரீஹெடர் கட்டளை இருக்கிறது. அகராதிகளுக்குப் பயன்படும் டிக்ட்சிப் கோப்புகளும் இதே இனம்: இடையில் தாவுவதற்கான அட்டவணையைத் தலைப்பில் சுமப்பவை, சாதாரண ஜிசிப்பால் மறுபடி சுருக்கினால் அதை இழப்பவை.

பிப்ரவரி 13, இரவு

"அப்படியானால் செருகுநிரலை நீக்கிவிடுவதே நல்லது" என்ற பதிலுக்கு: அந்த அளவுக்குப் போக வேண்டாம். நான் நீக்கவில்லை. வாசிப்பதற்கு அதைவிட வசதியானது இல்லை. சேமிக்கும் கட்டளையைத் தட்டும் முன் கோப்பு எந்த இனம் என்று ஒரு கணம் யோசித்தால் போதும். நீக்கியே ஆக வேண்டும் என்பவர்கள், லோடட்-ஜிசிப் என்ற மாறிக்கு அமைப்புக் கோப்பில் 1 என்று மதிப்புக் கொடுத்தால் அது ஏறாது.

பிப்ரவரி 16

முதல் நாள் நான் எழுதியதற்கு ஒரு விலக்கு உண்டு. இரண்டு நாளாக மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. டிஃப்ளேட்டில் மூன்று வகைத் தொகுதிகள் உண்டு. அவற்றுள் ஒன்று, சுருக்காமல் அப்படியே வைக்கும் தொகுதி. ஏற்கெனவே சுருங்கியிருப்பதால் மேலும் சுருங்காத தரவுக்கு அதைப் பயன்படுத்துவார்கள். அந்தத் தொகுதியில் உள்ள ஒரு பைட்டை, நீளம் மாறாமல், பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் மாற்றலாம். அது உண்மையிலேயே நேரடித் திருத்தம். ஆனால் சிஆர்சி எண்ணை நீங்களே கணக்கிட்டு மாற்றாவிட்டால், ஜிசிப் உரை முழுவதையும் வெளியிட்டுவிட்டு இறுதியில் பிழை என்று சொல்லும். பொழுதுபோக்காகச் செய்யத் தக்கது. வேலையாகச் செய்யத் தக்கதல்ல.

பிப்ரவரி 17

வரியை மாற்றுவதற்கு அல்லாமல், கடைசியில் ஒரு வரி சேர்ப்பதற்கு மட்டும்தான் பலர் எடிட்டரைத் திறக்கிறார்கள். அதற்கு எதையும் விரிக்க வேண்டியதே இல்லை. ஜிசிப் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் அதுவும் முறையான ஜிசிப் கோப்பே. விரித்தால் உரைகள் வரிசையாக வரும். புதிய வரியைத் தனியே ஜிசிப்பில் சுருக்கி, பழைய கோப்பின் வாலில் சேர்த்துவிடலாம். 10 ஜிபி லாக்காக இருந்தாலும் ஒரு நொடிகூட ஆகாது. நேற்று "நேரடித் திருத்தம்" என்று சொன்னதற்கு இது இன்னும் நல்ல எடுத்துக்காட்டு.

இதற்கும் ஒரு விலை உண்டு. மிகச் சிறிய துண்டுகளாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் தனித் தலைப்பும் வாலும் சுமப்பதால் சுருக்கமே கெடும். அத்துடன், பழைய ஜிசிப்பில் கோப்பின் அளவைப் பட்டியலிடச் சொன்னால் கடைசித் துண்டின் நீளத்தை மட்டுமே விரித்த நீளமாகக் காட்டும். நீளத்துக்கு நான்கு பைட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருப்பதால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்புகளுக்கும் அந்தக் கணக்கு பொய்யாகும். 2022-இல் வந்த 1.12 பதிப்பு முதல், ஜிசிப் உள்ளே விரித்துப் பார்த்தே உண்மையான அளவைச் சொல்கிறது.

பிப்ரவரி 21

டாக்எக்ஸ் (வேர்ட் ஆவணம்), ஈபப் (மின்னூல்), ஜார் (ஜாவா நிரல்) பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இவை எல்லாம் சிப் பெட்டிகள். எந்த எடிட்டரில் பச்சையாகத் திறந்தாலும் முதலில் பி, கே என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள் தெரியும். சிப் வடிவத்தையும் டிஃப்ளேட்டையும் உருவாக்கிய ஃபில் கேட்ஸின் முதலெழுத்துகள் அவை. விம்மின் சிப் செருகுநிரல் உள்ளிருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும். ஒன்றின் மேல் என்டர் தட்டினால் திறக்கும். சேமித்தால் சிப் கட்டளை அந்த ஒன்றை மட்டும் புதுப்பிக்கும்.

இங்கே என் எச்சரிக்கை தலைகீழாகிறது. ஈபப்பில் மைம்டைப் என்னும் கோப்பு முதலாவதாகவும் சுருக்கப்படாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி இருந்தால்தான் 30-ஆவது பைட்டைக் கடந்ததும் அந்தப் பெயரும், 38-ஐக் கடந்ததும் வகைக் குறிப்பும் வெறும் கண்ணுக்கே தெரியும். எல்லாவற்றையும் வெளியே விரித்து, திருத்தி, மறுபடி ஒரு பெட்டியாகக் கட்டுபவர்கள் இந்த ஒழுங்கைத்தான் குலைக்கிறார்கள். எடிட்டருக்குள்ளிருந்து ஓர் உறுப்பை மட்டும் திருத்தினால் வரிசை அப்படியே நிற்கும். எனவே ஈபப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த எடிட்டர் வழியே மேல்.

டாக்எக்ஸ் அப்படிச் சுலபமில்லை. உள்ளே இருக்கும் முதன்மை எக்ஸ்எம்எல் கோப்பு, புத்தகம் முழுவதையும் ஒன்றிரண்டு வரிகளில் அடக்கியிருக்கும். அதில் கர்சரை நகர்த்துவதே பாடு. அதைவிடப் பெரிய தொல்லை, கண்ணுக்கு ஒரே சொல்லாகத் தெரிவது உள்ளே இரண்டு மூன்று துண்டுகளாக, நடுவில் குறியீடுகளோடு கிடப்பது. ஒருவர் சொல்லின் பாதியை ஒரு நாளும் மீதியை மறுநாளும் திருத்தியிருந்தால் அப்படி ஆகும். தேடினால் கிடைக்காது. கையொப்பமிட்ட ஜார் கோப்பில் கைவைத்தாலோ, ஒவ்வோர் உறுப்புக்கும் பதிந்து வைத்திருக்கும் சுருக்கெண் பொருந்தாமல், சரிபார்ப்பு தோற்றுவிடும். தோற்பதற்காகத்தான் அந்த ஏற்பாடே.

பிப்ரவரி 22

பிடிஎஃப் பற்றி ஒரு வரி, இதுவும் உறவுதான். அதன் உள்ளடக்கமும் பெரும்பாலும் டிஃப்ளேட்டில் சுருங்கியே இருக்கிறது. கியூபிடிஎஃப் என்னும் நிரலில் கியூடிஎஃப் என்றொரு முறை உண்டு. சுருக்கங்களை அவிழ்த்து, டெக்ஸ்ட் எடிட்டரில் திருத்துவதற்கென்றே அடுக்கித் தரும். திருத்தத்தால் தடம் மாறிய பைட் கணக்குகளைச் சரிசெய்ய ஃபிக்ஸ்-கியூடிஎஃப் என்ற துணை நிரலும் உண்டு. விரிப்பதை மறைக்காமல், திருத்துபவர் கண் முன்னே செய்கிற இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 27

வட்டில் இடம் மிச்சமாக வேண்டும், திருத்தவும் வேண்டும் என்பதுதான் தேவை என்றால், சுருக்கத்தைக் கோப்பிலிருந்து கோப்பு முறைமைக்கு மாற்றிவிடுங்கள் என்று ஒருவர் எழுதியிருப்பது நல்ல யோசனை. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டியது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், என்டிஎஃப்எஸ் மூன்றிலும் இந்த வசதி உண்டு. பிடிஆர்எஃப்எஸ் 128 கேபி வரையிலான துண்டுகளாகச் சுருக்குகிறது. நடுவில் ஒரு வரி நீளம் மாறாமல் அதே இடத்தில் மாறினால் அந்தத் துண்டை மட்டும் மறுபடி சுருக்கி எழுதினால் போதும். எடிட்டருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை, எந்தச் செருகுநிரலும் வேண்டியதில்லை. சுருக்க விகிதம் ஜிசிப் முழுக் கோப்பைச் சுருக்குவதைவிடக் குறையலாம்; அனுப்பும்போது கோப்பு விரிந்தே போகும். லாக் அடைவுகளுக்கு நான் இப்போது இதைத்தான் பரிந்துரைக்கிறேன். ஆண்டுக்கணக்கில் ஒதுக்கி வைப்பதற்கு மட்டும் எக்ஸ்இசட் அல்லது இசட்எஸ்டி.

பிரதியெடுக்கும் சர்வருக்கு, மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பும் ஆர்சிங்க் நிரல் வழியாக அனுப்புபவர்களுக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. ஜிசிப் கோப்பின் தொடக்கத்தில் ஒரு வரி மாறினால் பின்னால் உள்ள பைட்டுகள் ஏறக்குறைய எல்லாமே மாறிவிடும். ஆர்சிங்க் கிட்டத்தட்ட முழுக் கோப்பையும் மறுபடி அனுப்பும். அதைத் தவிர்க்க ஆர்சிங்கபிள் என்ற விருப்பம் ஜிசிப்பின் 1.7 பதிப்பில் சேர்ந்தது. எடிட்டர் சேமிக்கும்போது அந்த விருப்பத்தைத் தானாகக் கொடுக்காது.

மார்ச் 2

கடைசியாக வந்த கேள்வி: விரித்தால் 20 ஜிபி வரும் கோப்பில் ஒரு முகவரி எல்லா இடத்திலும் மாற வேண்டும், விம்மில் திறந்தால் கணினி உறைந்துவிடுகிறது.

எடிட்டரையே திறக்காதீர்கள். டிஃப்ளேட்டில் உச்ச விகிதம் ஏறத்தாழ 1,032-க்கு 1 என்பதால், பார்வைக்குச் சிறிய கோப்பு எவ்வளவு பெரிதாக விரியும் என்பது திறக்கும் வரை தெரியாது. பார்ப்பதற்கு இசட்லெஸ், தேடுவதற்கு இசட்கிரெப். மாற்றுவதற்கு, இசட்கேட்டின் வெளியீட்டைக் குழாய் வழியே, உரையை வரி வரியாக மாற்றும் செட் (sed) கட்டளைக்கும், அதன் வெளியீட்டை மறுபடி ஜிசிப்புக்கும் அனுப்பி, புதிய பெயரில் எழுதுங்கள். விரித்த உரை வட்டையே தொடாது; நினைவகத்திலும் ஒரு நேரத்தில் சிறு பகுதிதான் இருக்கும். இறுதி வெளியீட்டை மூலக் கோப்பின் பெயருக்கே திருப்பிவிடாதீர்கள்: இசட்கேட் வாசிக்கத் தொடங்கும் முன்பே, கட்டளைகளை இயக்கும் ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும். புதிய கோப்பை ஜிசிப்பின் சோதனை விருப்பத்தால் சரிபார்த்து, வரிகளின் எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிட்டு, அதன் பிறகு பெயரை மாற்றுங்கள். அது பிஜிசிப் கோப்பாக இருந்தால் குழாயின் கடைசியில் ஜிசிப்புக்குப் பதில் பிஜிசிப்பை வைத்து, சுட்டிக்கோப்பையும் புதிதாக உருவாக்குங்கள்.